பெரியப்பா தேர்ந்தெடுத்த ஆஸ்பத்திரி

என் அக்காவோடு ஒரே மேஜையில் சாப்பிட உட்காரக் கூடாது. அனுபவப்பட்டவள் சொல்கிறேன். நாம் முதல் கவளத்தை எடுக்கும் நேரம் பார்த்து, "கத்தி கிழிச்ச காயத்துக்கும் கல்லுல மோதிப் பிளந்த காயத்துக்கும் ஓரம் வேற வேற மாதிரி இருக்கும், தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றால் விடமாட்டாள். கழுத்தை நெரித்தால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், ஆனால் கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி நிற்கும், குரல் போகும், எச்சில் விழுங்க வலிக்கும் என்று அவள் விளக்கிய அன்றைக்கு நான் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தேன். அவள் என் தட்டில் இருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

நான் தையற்கடை வைத்திருக்கிறேன். அதனால் என்னிடம் சந்தேகம் வேறு கேட்பாள். கையால் பிடித்து இழுத்தால் தோள்பட்டைத் தையல் எந்தப் பக்கம் முதலில் விடும்? கத்தரி பட்ட நூலும் பிய்ந்த நூலும் எப்படி இருக்கும்? நான் வேலையைப் போட்டுவிட்டுப் பதில் சொன்னால், அதில் பாதி தப்பு என்பாள். அப்படி ஒரு பிறவி.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் 'காகிதப்பை'. அடிபட்டு வருகிறவர்களின் துணியைக் காகிதப் பையில்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடித்து, துணியில் இருக்கும் சாட்சியெல்லாம் அழுகிப்போகும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாங்கிய பட்டம். கேலி செய்தவர்களில் ஒருவரும் இன்றுவரை ஈரத்துணியைக் காகிதப் பையில் போடக் கற்றுக்கொள்ளவில்லை. பட்டப்பெயர் வைக்க மட்டும் நேரம் இருந்தது.

அவள் தடயவியல் நர்ஸ். அடித்தும் நெரித்தும் குத்தியும் கெடுத்தும் அனுப்பப்படுகிறவர்களுக்கு மருந்து போடுவதோடு, காயத்தை அளந்து, படம் எடுத்து, உடம்பிலும் துணியிலும் ஒட்டியிருப்பதைப் பத்திரப்படுத்தி, ஒருநாள் கோர்ட்டில் கூண்டேறி, கண்டதைக் கண்டபடி சொல்வது வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்கள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. காது இருந்தால் போதும். எங்கள் குடும்பத்தில் அது தோடு மாட்டுவதற்கு மட்டும்தான் பயன்படுகிறது.

முதலில் அவளும் சாதாரண நர்ஸாகத்தான் இருந்தாள். அங்கே ஒரு தலைமை நர்ஸ். அந்த அம்மாளுக்குச் சுத்தப் பைத்தியம். "அழுக்கோட ஒரு பேஷண்ட் டாக்டர் கண்ணுல படக் கூடாது" என்பதுதான் வேதவாக்கு. அக்காவும் அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். இரத்தத்தோடு வருகிறவர்களை வெந்நீரில் துடைத்து, நகத்தடியைச் சுரண்டி, தலை வாரி, கிழிந்த துணியைக் குப்பைக்கு அனுப்பி, வெள்ளைப் போர்வைக்குள் படுக்க வைத்துவிடுவாள். டாக்டர் வந்து பார்க்கும்போது, அடி வாங்கியவர்கள் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி இருப்பார்கள். இதற்காக அவளுக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

ஒருநாள் பேக்கரியில் வேலை பார்த்த பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். முதலாளி செய்த காரியம். அவள் சும்மா விடவில்லை, அவன் முகத்தைப் பிறாண்டியிருக்கிறாள். அவள் நகத்தடியில் அவன் தோல் இருந்தது. அக்கா அதைச் சோப்புப் போட்டு, குச்சியால் குடைந்து, சுத்தமாகக் கழுவிவிட்டாள். வழக்கு வந்தபோது காட்டுவதற்கு ஒன்றுமில்லை. முகத்தில் இருந்தது ரொட்டி அடுப்புச் சூடு என்று அவன் வக்கீல் சொன்னார். அவன் வெளியே வந்து, கடைக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, பழையபடி கல்லாவில் உட்கார்ந்தான்.

"அவனை நான்தான்டி குளிப்பாட்டி வெளிய அனுப்பியிருக்கேன்" என்று சொல்லி அன்றைக்கு அக்கா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அது ஒன்றுதான். அதற்கப்புறம் அவளுக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. கோபத்தோடு போய் விண்ணப்பம் போட்டு, வேறு ஊரில் இருக்கும் கல்லூரியில் இந்தப் படிப்பில் சேர்ந்தாள்.

சேரும் முன் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு வாய் என்று ஒன்று உண்டென்றால் அது பெரியப்பாவுடையது. மரச்சாமான் கடை வைத்திருக்கிறார். கட்டில், பீரோ, மாப்பிள்ளை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார் என்று அவருக்கு நினைப்பு.

"தடயவியலா? அப்படின்னா பிணவறைதானே?" என்றார்.

"இல்ல பெரியப்பா. உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான்."

"அடிபட்டு?"

"ஆமா. அடிபட்டு."

"அதான் சொல்றேன். பிணம்தான்."

அக்கா பொறுமையாக இன்னொரு தடவை விளக்கினாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் அம்மாவிடம் திரும்பி, "ஊசி போடுற கையால பொணத்தைப் புரட்டப் போறாளாம். நம்ம குடும்பத்துல இப்படியொரு வேலைக்கு யாரும் போனதில்ல" என்றார். எங்கள் குடும்பத்தில் எந்த வேலைக்கும் பெரிதாக யாரும் போனதில்லை என்பதை அம்மா சொல்லியிருக்கலாம். "பெரியவர் சொன்னா யோசிக்கணும்டி" என்றுதான் சொன்னாள்.

படிப்பு முடிந்து வந்த பிறகு ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெரியப்பாதான் பேசி முடித்து அழைத்துவந்திருந்தார். "பொண்ணு ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறார். டீ கொண்டுவந்த அக்கா தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஆபீஸ் இல்லைங்க. யார் யாரை எப்படி அடிச்சாங்கன்னு உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வேலை" என்றாள். அந்தப் பையன் பிஸ்கட்டை வாயில் வைத்தபடியே தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாள் அவன் அப்பாவைப் பார்த்தார். டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் போனார்கள். பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்று, "பொணத்துக்குத் துணி மாத்துறவளை எவன் கட்டுவான்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அந்த மாப்பிள்ளை வீடு எதைக் கேட்டு அப்படிப் பயந்து போனது என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஒதுக்கியது அவசரப்பிரிவின் பக்கத்தில் ஓர் அறை. அதுவரை உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். அவளே துடைத்து, உள்ளிருந்து பூட்டுகிற தாழ்ப்பாள் போடவைத்து, ஒரு படுக்கை, ஒரு கேமரா, அளவுகோல், பஞ்சுக் குச்சிகள், கட்டுக் கட்டாகக் காகிதப் பைகள் என்று சேர்த்தாள். பெரிய டாக்டர் எட்டிப் பார்த்து, "என்ன, மளிகைக்கடையா?" என்று கேட்டாராம். பெரிய மனிதர்களின் நகைச்சுவைக்கு ஒரு தனித்தன்மை உண்டு, சிரிப்பு வராது. அக்கா தனக்கு உதவியாக இன்னொரு நர்ஸுக்கு வேலை கற்றுக்கொடுத்தாள். மூக்குக் கண்ணாடி எப்போதும் நுனி மூக்கில் நிற்கும் பெண். அவளைக் 'கண்ணாடி' என்றே கூப்பிடுவார்கள்.

இனி பாப்பா. பெரியப்பாவின் ஒரே மகள். வளர்ந்து கல்யாணமாகியும் குடும்பத்துக்கு அவள் பாப்பாதான். சின்ன வயதில் அவள் சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு தொண்டை?" என்று பெரியம்மா அலுத்துக்கொள்வார். பெரியப்பா தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளைக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கார், மாடி வீடு, பதவிசாகப் பேசும் மாமியார். கல்யாணத்துக்கு அப்புறம் பாப்பா பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வருவதும், "அனுசரிச்சுப் போம்மா" என்று பெரியப்பா அந்தப் பெட்டியைத் திரும்பக் காரில் ஏற்றுவதும் நடந்துகொண்டிருந்தன. ஏன் வருகிறாள் என்று கேட்டால், "செல்லமா வளர்ந்தவ" என்பார்கள். பதில் முடிந்தது.

ஒரு காலை. நான் கடையில் கை வெட்டிக்கொண்டிருந்தேன், சட்டைக் கை. பெரியம்மா போன் செய்தார்.

"உங்க அக்கா இன்னைக்கு வேலைக்குப் போயிருக்காளா?"

"போயிருக்கா பெரியம்மா. ஏன்?"

"பாப்பா மாடிப்படியில விழுந்துட்டா. பெரியப்பா வேற எங்கயும் வேண்டாங்கிறார். நம்ம பொண்ணு இருக்கிற இடம்னா விஷயம் வெளிய போகாது பாரு. நீயும் அங்க வந்துடு."

படியில் விழுந்த விஷயம் வெளியே போனால் என்ன கெட்டுவிடும் என்று யோசித்துக்கொண்டே கடையைப் பூட்டினேன். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக் இருக்கிறது. அதைத் தாண்டினால் வரவேற்பறையில் மீன்தொட்டி வைத்த பெரிய ஆஸ்பத்திரி. இரண்டிலும் ஒரு கட்டுப் போட்டு, மாத்திரை எழுதி, "பார்த்து நடங்கம்மா" என்று அனுப்பியிருப்பார்கள். அவற்றையெல்லாம் தாண்டி, இந்த மாதிரி காயத்தை உற்றுப் பார்ப்பதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கும் ஒரே இடத்துக்குப் பெரியப்பா சொந்தக் காரில், சொந்தப் பெட்ரோலில் வந்து சேர்ந்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

நான் போனபோது பாப்பா நடைபாதையில் சக்கர நாற்காலியில் இருந்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத புது உடை. தலை ஈரமாக வாரியிருந்தது. முகத்தில் அப்பிய பவுடர். புழுக்கம் பிடுங்கித் தின்கிற நாளில் கழுத்தைச் சுற்றிக் கனமான சால்வை. பெரியம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார்தான் பேசினார்.

"அழுக்கோட கூட்டிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? அதான் நானே குளிப்பாட்டி விட்டேன். போட்டிருந்த துணியெல்லாம் சோப்புத் தண்ணியில ஊறுது."

அக்காவின் முகம் ஒரு கணம் செத்துப்போனது. பேக்கரிப் பெண்தான் அவள் நினைவுக்கு வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். மறுகணம் குனிந்தாள்.

"பாப்பா, என்னம்மா ஆச்சு?"

பாப்பா வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. தெருக்கோடி வரை கேட்ட குரல் ஒரு முழத் தூரத்தில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. உதட்டசைவில் "படி" என்றாள். எச்சில் விழுங்கி முகத்தைச் சுளித்தாள்.

"சளி பிடிச்சிருக்கு" என்றார் மாமியார்.

பாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், ஊசியால் குத்தியது போல. என்னைச் சாப்பிட விடாமல் அக்கா சொன்னதெல்லாம் மொத்தமாக நினைவுக்கு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், அதுவும் யார் வீட்டுச் சோற்றில்! சோப்பு எல்லாவற்றையும் கழுவும். கண்ணுக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போகாது.

அக்கா கத்தவில்லை, கேள்வி கேட்கவில்லை. முதலில் டாக்டரைக் கூப்பிட்டாள். தொண்டை உள்ளே வீங்கினால் மூச்சு அடைத்துவிடும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டாக்டர் பார்த்து, மூச்சுக்கு இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் வீட்டுக்கு அனுப்ப முடியாது, படுக்கையில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்றார். அப்புறம் அக்கா கண்ணாடியைக் கூப்பிட்டாள்.

"இவ என் பெரியப்பா பொண்ணு. நான் பார்க்கக் கூடாது. நீ பாரு."

பெரியப்பா பதறிவிட்டார். "என்னம்மா இது? உறவுன்னு உன்னை நம்பித்தானே வந்தோம்?"

"உறவுன்னுதான் பெரியப்பா நான் விலகிக்கிறேன். நான் எழுதினா, சொந்தக்காரி எழுதினதுன்னு நாளைக்குக் கோர்ட்டுல தள்ளிடுவாங்க."

"படியில விழுந்ததுக்கு எதுக்கும்மா கோர்ட்டு?"

"படியில விழுந்திருந்தா தேவைப்படாது."

கண்ணாடி நாற்காலியை அந்த அறைக்குள் தள்ளினாள். மாமியாரும் கூடவே நுழையப் பார்த்தார். "நான் பக்கத்துல இருக்கணும். அவ பயந்த சுபாவம்."

"ஆமாம்மா. அதனாலதான் நீங்க வெளிய இருக்கணும்" என்று அக்கா கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றுகொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தன் கார் வழியில் நிற்கிறது, ஓரமாக விட்டுவிட்டு வருகிறேன் என்று மாப்பிள்ளை கிளம்பினார். கார் எங்கேயும் வழியில் நிற்கவில்லை. அதற்கப்புறம் அவரை அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

"உள்ள என்ன கேக்குறாங்க?" என்றார் பெரியப்பா, குரலைத் தாழ்த்தி.

"என்ன நடந்ததுன்னு கேப்பாங்க. வீட்டுக்குப் போகப் பயமா இருக்கான்னு கேப்பாங்க."

"அவ ஒண்ணும் சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா அவ்வளவுதான். அவ சம்மதம் இல்லாம நாங்க போலீஸுக்குப் போக முடியாது. உடம்பு தேறினதும் நீங்க கூட்டிட்டுப் போகலாம்."

பெரியப்பாவின் தோள் இறங்கியது. முகத்தில் ரத்தம் திரும்பியது. "அவ என் பொண்ணு. சொல்லமாட்டா" என்றார். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. மகள் முதல் மாணவியாகத் தேறினால் ஒரு தகப்பனுக்கு வருகிற பெருமை. ஒரு மனிதன் தன் மகள் வாய் திறக்கமாட்டாள் என்பதில் பெருமைப்படுகிறான், தொண்டையை எவனோ நெரித்த அன்றைக்கே! அவரை அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பக்கத்தில் தடயவியல் நர்ஸ் நின்றதால் சும்மா இருந்தேன்.

கதவில் சாய்ந்து நின்ற அக்காவின் கைவிரல்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டிருந்தன. எத்தனையோ பெண்கள் அந்த அறைக்குள் போய், ஒன்றுமில்லை, படிதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அதை அவள் சாப்பாட்டு மேஜையில் ஒருபோதும் சொன்னதில்லை. பாப்பாவும் சொல்லாவிட்டால் பெட்டி மறுபடி காரில் ஏறும். இதே நடைபாதையில் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

"நீயே ஒரு வார்த்தை உள்ள சொல்லேம்மா" என்று பெரியப்பா இப்போது குழைந்தார். "படின்னே எழுதிக்கட்டும். நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"படிக்கு விரல் கிடையாது பெரியப்பா."

பெரியம்மா அதைக் கேட்டதும் கைப்பையை மடியில் போட்டு அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தாழ்ப்பாள் விலகியது. கண்ணாடி வெளியே வந்தாள். கையில் வாயை மடித்து ஒட்டிய காகிதப் பை. அக்காவை அவள் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அவங்க வீட்டுக்குப் போகமாட்டாங்களாம். போலீஸைக் கூப்பிடச் சொன்னாங்க. பேச முடியல, அதனால எழுதிக் காட்டினாங்க. நான் தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாதுன்னு திரும்பவும் எழுதினாங்க."

முதலில் வாய் திறந்தது மாமியார்தான். கேட்டதும் மருமகளைப் பற்றி இல்லை.

"அந்தப் பையில இருக்கிறது என் சால்வை. விலை ஜாஸ்தி."

"பத்திரமா இருக்கும்மா" என்றாள் கண்ணாடி. "காகிதத்துல போட்டா கெடாது."

பெரியப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவை ஏதோ முதல் தடவை பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். கோபம்கூட இல்லை, ஏமாற்றப்பட்டவனின் முகம். கடையில் தேக்கு என்று விற்றதை வாங்கியவர்கள் திரும்ப வந்து நிற்கும்போது இருக்குமே, அந்த முகம், இந்தத் தடவை இவருக்கு.

"நீ பொணத்துக்குத்தானே நர்ஸு?" என்றார். "உயிரோட இருக்கிறவ விஷயத்துல உனக்கென்ன வேலை?"

"பொணமானாலும் எங்ககிட்டதான் வந்திருக்கும் பெரியப்பா" என்றாள் அக்கா. "அதுக்கு முந்தியே கூட்டிட்டு வந்துட்டீங்க."

அவர் அங்கேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா போலீஸுக்குப் போன் செய்யப் போனாள். நான் உள்ளே போய்ப் பாப்பாவின் முகத்தில் இருந்த பவுடரைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். "துடைக்காதீங்க, இன்னும் படம் முடியல" என்று கண்ணாடி என் கையைத் தட்டிவிட்டாள். அக்காவிடம் வேலை கற்றவள், மரியாதையும் அங்கேயே கற்றிருக்கிறாள்.

பாப்பா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். வழக்கு நடக்கிறது. கண்ணாடி கூண்டேறிச் சாட்சி சொன்ன அன்றைக்கு அக்கா பின்வரிசையில் எங்களோடு உட்கார்ந்து, ஓர் அளவைச் சொல்ல மறந்துவிட்டாளே என்று என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பாப்பாவின் குரல் முழுசாகத் திரும்பவில்லை, கரகரக்கிறது. சாப்பிடும்போது அக்கா காயக் கதையை ஆரம்பித்தால் நான் எழுந்து போகிறேன். பாப்பா தட்டோடு உட்கார்ந்து கடைசி வரை கேட்கிறாள்.

பெரியப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஆனால் மகள் எப்படிப் பிழைத்தாள் என்று யாராவது கேட்டால் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார். போகிற வழியில் எத்தனையோ ஆஸ்பத்திரி இருந்ததாம். அதையெல்லாம் விட்டு, சரியான இடம் இதுதான் என்று தேர்ந்தெடுத்துக் கூட்டிக்கொண்டு போனது அவர்தானாம். அவர் வாயிலிருந்து வந்ததில் நான் மறுக்க முடியாத உண்மை இது ஒன்றுதான்.